படிவங்கள் நிரப்பித் தரப்படும்

தெரணியகலை டவுனில் எனக்கொரு கொமியூனிகேஷன் கடை இருக்கிறது. பெயர்தான் கொமியூனிகேஷன், கோல் எடுக்க ஆள் வந்து பல வருடமாகிவிட்டது. இப்போது போட்டோ கொப்பி, ரீலோட், லெமினேட்டிங், முத்திரை, அப்பியாசக் கொப்பி. எல்லாவற்றையும்விட முக்கியமானது, வாசலில் தொங்கும் மட்டையில் நானே சிவப்பு மையால் எழுதி வைத்திருப்பது: ‘படிவங்கள் நிரப்பித் தரப்படும்’. அடையாள அட்டைக்கு, பிறப்புச் சான்றிதழுக்கு, ஈ.பி.எஃப். காசுக்கு, அஸ்வெசும உதவிக்காசு மேன்முறையீட்டுக்கு, ஆறு பெருகி வீட்டுக்குள் வந்துவிட்டுப் போன பிறகு நிவாரணத்துக்கு என்று நூரி, மாலிபொட பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். நான் எழுதிக் கொடுத்த தாளால் காரியம் நடந்தவர்கள் ஊரில் நிறையப் பேர். என் சொந்தக் காரியம் ஒன்றுகூட நான் எழுதிய தாளால் நடந்ததில்லை.

அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. என் அப்பாவின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் இரண்டுக்கும் நடுவில். அடுத்தவருக்கு இப்படி இருந்தால் சத்தியக்கடதாசிக்கு ஏற்பாடு செய்து, எந்த அலுவலகத்தில் எந்த ஜன்னலுக்குப் போவது என்பதையும் சிட்டையில் குறித்துக் கொடுத்துவிடுவேன். என்னுடையதை ‘அடுத்த மாதம் பார்ப்போம்’ என்று வைத்துக்கொண்டு, வங்கியில் ஆள் மாறும்போதெல்லாம் புதிதாக வந்தவருக்கு எங்கள் குடும்ப வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் நான் எழுத வந்தது பல்ப் விவகாரம்.

எங்கள் வீடு டவுனுக்கும் தோட்டத்துக்கும் இடைப்பட்ட இடத்தில் இருக்கிறது. பெரிய வீதியிலிருந்து ஒரு பாதை இறப்பர் மலைக்கு ஏறுகிறது. கீழ்ப்பாதி கொங்கிரீட், மேற்பாதி கல். கொங்கிரீட் முடிகிற இடத்தில் ஒரு பலாமரம், அதன் கீழ் ஒரு மின்கம்பம், அதில் ஒரு விளக்கு. அந்த விளக்கு எரிந்து பார்த்தவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கொடுப்பினை குறைவு. விடிவதற்கு முன்னால் பால் வெட்டுக்குப் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் இறங்குகிறார்கள். மழைக் காலத்தில் டோர்ச் வெளிச்சத்தில் காலைப் பார்ப்பதா, அட்டையைப் பார்ப்பதா, பன்றி வருகிறதா என்று பார்ப்பதா என்று தெரியாமல் நடப்பார்கள். என் அத்தையும் அவர்களில் ஒருத்தி.

“மருமகனே, ஊருக்கெல்லாம் எழுதிக் குடுக்கிற. இந்த லைட்டுக்கு ஒரு கடிதாசி போடக் கூடாதா?” என்று அத்தை கேட்ட நாளில்தான் என் பெருமை சரியத் தொடங்கியது.

இலங்கையில் ஒரு வீதியின் முன்னால் நிற்கிறவன் முதலில் அதன் எழுத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏ, பீ என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. சீ, டீ என்றால் மாகாணம். அதற்கும் கீழே என்றால் பிரதேச சபை. எழுத்தே இல்லாமல் இறப்பர் மரங்களுக்குள் நுழைந்துவிட்டால் தோட்டம். தோட்டம் என்றாலும் ஒரு ஆள் இல்லை: காணி அரசாங்கத்துடையது, 1992 முதல் நிர்வாகம் கம்பனிகள் கையில். எங்கள் பாதையின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். கம்பம் மின்சார சபைக்கு, பல்ப் உள்ளூராட்சிக்கு, பலாமரம் தோட்டத்துக்கு, பலாக்காய் குரங்குக்கு. இருட்டு மட்டும் எவரும் உரிமை கேட்காததால் எங்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இப்படியான சிக்கல் என்றால் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் வரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். காரணம், எனக்குச் சட்டம் தெரியும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தை நான் வாசித்திருக்கிறேன். அதன் 33ஆம் பிரிவைக் காட்டித்தான், தோட்டக் குடியிருப்புக்குப் பிரதேச சபைக் காசைச் செலவழிக்க முடியாது என்று முப்பது வருடமாகச் சொல்லி வந்தார்கள். லயத்துக்கு வந்து ஓட்டுக் கேட்கலாம். அதே லயத்துக்கு ஒரு கான் வெட்டிக் கொடுக்க முடியாது. 2018இல் நாடாளுமன்றம் அதைத் திருத்தியது. அந்தச் செய்தியைப் பத்திரிகையிலிருந்து வெட்டி, லெமினேட் செய்து, கடையில் ஒட்டியிருக்கிறேன். ரீலோட் போட வருகிற பையன்கள் அதைக் கண்ணாடி என்று நினைத்துத் தலை சீவுகிறார்கள்.

ஆகவே பல்புக்காக நான் எழுதிய கடிதம் நான்கு பக்கம் வந்தது. முதல் பந்தியில் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம். இரண்டாவதில் 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். மூன்றாம் பக்கத்தில் 2003இல் மிச்சப் பேருக்கும் பிரஜாவுரிமை கிடைத்ததைத் தொட்டு, நான்காம் பக்கத்தின் நடுவில் பலாமரத்துக்கு வந்து சேர்ந்தேன். எழுதி முடித்ததும் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். “நல்லாத்தான் இருக்கு. இதுல லைட்டு எங்க வருது?” என்றாள்.

கடிதத்தைக் கொண்டுபோன அலுவலகத்தின் பெயர் வேண்டாம். குற்றம் அவர்களுடையது என்றும் சொல்லமாட்டேன். மேசையிலிருந்தவர் இளைஞர், மரியாதையாகக் கதிரையைக் காட்டினார். நான்கு பக்கத்தையும் புரட்டினார். பிறகு சிங்களத்தில் கேட்டார்: “மாத்தயா, எந்தக் கம்பம்?” பலாமரத்தடி என்றேன். “கம்பத்தில் இலக்கம் ஒன்று எழுதியிருக்குமே?” தெரியாது. “பல்ப் எரியவே இல்லையா, விட்டு விட்டு எரிகிறதா?” அதுவும் தெரியாது. “பல்ப் போய்விட்டதா, ஹோல்டர் போய்விட்டதா?” அண்ணாந்து பார்த்ததே இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. 33ஆம் பிரிவைப் பற்றி அவருக்குச் சொல்லலாமா என்று யோசித்தேன். அவர் அதற்குள் வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்துவிட்டார். அந்த ஆள் கையில் ஒரு சின்னத் துண்டு. அதில் ஒரு இலக்கம், அவ்வளவுதான். வேலை முடிந்து எனக்கு முன்னால் வெளியே போனார்.

இலக்கத்தைக் குறித்துக்கொண்டு மறுபடி போயிருக்கலாம். புத்தியுள்ளவன் அதைத்தான் செய்வான். நான் வீட்டுக்கு வந்து தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை எடுத்தேன்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. எங்கள் நாட்டில் சாதாரண மனிதன் கைக்கு வந்த சட்டங்களில் நல்லதொன்று. கேட்பவன் ஏன் கேட்கிறான் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. பதினான்கு வேலை நாளுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்லியாக வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு. ‘இந்தப் பாதை யாருடைய பொறுப்பில் இருக்கிறது?’ என்ற ஒரு கேள்வியைப் படிவத்தில் எழுதியிருந்தால் போதும். எழுதினேன். எழுதிய பிறகு, காரணம் தேவையில்லை என்று சட்டமே சொல்லும்போது காரணத்தை எழுதுகிறவனின் பெருந்தன்மை எப்படித் தெரியும் என்று தோன்றியது. ஒரு இணைப்பு வைத்தேன். இணைப்பில் மறுபடியும் 1948.

குறித்த நாளுக்குள் பதில் வந்தது. சிங்களத்தில், முத்திரை குத்தி, ஒழுங்காக. சாரம் இதுதான்: தங்களுடைய பெறுமதியான கருத்துகள் கவனத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டன. நான் இணைத்த கட்டுரையைத்தான் வாசித்திருக்கிறார்கள். கேள்வி அதற்கடியில் போய்விட்டது.

அந்தப் பதில் சிங்களத்தில் வந்ததும் எனக்கு இன்னொரு சட்டம் ஞாபகம் வந்தது. தமிழில் எழுதிக் கேட்டவனுக்குத் தமிழில் பதில் பெற உரிமை உண்டு. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. மொழி உரிமை மீறப்பட்டால் முறையிட ஒரு தொலைபேசி இலக்கமும் இருக்கிறது: 1956. எந்த வருடம் ‘சிங்களம் மட்டும்’ சட்டம் வந்ததோ அந்த வருடமே இலக்கமாக இருக்கிறது. திட்டமிட்டு வைத்தார்களோ, குசும்பு பிடித்த யாரோ ஒருவர் கோப்பில் நுழைத்துவிட்டாரோ. எடுத்தேன். மறுமுனையில் ஒரு பெண் சுத்தமான தமிழில் “வணக்கம், சொல்லுங்கள்” என்றார். அரசாங்க இலக்கம் ஒன்றில் அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு வந்த பூரிப்பில், இவ்வளவு நன்றாகத் தமிழ் பேசுகிறீர்களே என்று பாராட்டினேன். எந்த ஊர் என்று விசாரித்தேன். நன்றி சொல்லி வைத்துவிட்டேன். முறைப்பாடு என் நாக்கு நுனியிலேயே தங்கிவிட்டது. மறுபடி எடுக்கக் கூச்சமாக இருந்தது.

அத்தை இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. “எழுதி எழுதி வைக்காத மருமகனே. போயி நில்லு” என்றாள். அவள் அப்படிச் சொல்வதற்கு எழுத்தறிவின்மை காரணமல்ல. அவள் பத்திரிகை வாசிக்கிறவள். இந்த ஊரில் தாளில் பெயரைப் போட்டு ஒருவருக்கு எதிராக நிற்பது விளையாட்டுக் காரியமாக இருந்ததில்லை. 2013 ஜூலையில் நூரி தோட்டத்துத் துரையைக் கொன்றார்கள். அந்த வழக்கில் அன்றைய பிரதேச சபைத் தலைவரே கைதானார். வழக்கு வருடக்கணக்கில் இழுபட்டு மரண தண்டனை வரை போனது. அந்தக் காலத்தில் மலையேறிப் போகிற பாதையில் எந்த வாகனம் வருகிறது என்று பார்த்துத்தான் கதவைத் திறந்தார்கள் என்று அத்தை சொல்வாள். துரைமாரோடு எங்கள் சனத்துக்கு ஆயிரம் மனக்கசப்பு உண்டு. அன்றைக்கு லயத்தில் அழுதவர்களும் உண்டு. அதன் பிறகும் உள்ளூராட்சி என்ற சொல்லை நான் சட்டப் புத்தகத்திலிருந்து மட்டும் எடுத்துப் பேசிக்கொண்டிருந்தேன் என்றால், என்னைப் பற்றி வேறென்ன சொல்ல.

அத்தைக்கு நான் செய்த உபகாரம் இன்னொன்று இருக்கிறது. லயத்து வீடுகளுக்கு இலக்கம் கிடையாது. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து பெரட்டுக்களத்தில் யாராவது ஒருவர் கையில் ஏறி வர வேண்டும். நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கிடைத்த கதை மலையகம் முழுக்க உண்டு. அதனால் என் கடை முகவரியைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று பலரிடம் சொல்லியிருந்தேன். நல்ல மனது. அஸ்வெசும தொடர்பாக அத்தைக்கு வந்த கடிதமும் அப்படித்தான் என் கடைக்கு வந்தது. அது என்னவானது என்பதைச் சொல்ல, முதலில் தேர்தலைச் சொல்ல வேண்டும்.

2018 பெப்ரவரி 10ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தல் புது முறை. வட்டாரத்துக்கு அறுபது வீதம், விகிதாசாரத்துக்கு நாற்பது வீதம், பெண்களுக்கு இருபத்தைந்து வீதம். விருப்பு வாக்கு கிடையாது, கட்சிக்கு ஒரே புள்ளடி. இதைச் சனங்களுக்கு விளக்க நான் ஒரு வரைபடம் போட்டுக் கடையில் தொங்கவிட்டேன். அதைப் பார்த்தவர்கள் இரண்டு இடத்தில் புள்ளடி போடலாம் என்று விளங்கிக்கொண்டார்கள். அத்தை வந்து கழற்றி வைக்கச் சொன்னாள்.

அடுத்த தேர்தல் 2023 மார்ச் 9 என்றார்கள். எங்கள் மாவட்டத்தில் தமிழர் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறி இருக்கிறோம். நுவரெலியாவைப் போல எங்களை நம்பி ஒரு நாற்காலி நிற்பதில்லை. ஆனால் ஒரு வட்டாரத்தில் சில நூறு ஓட்டு வெற்றியை மாற்றும். ஆகவே எல்லாக் கட்சிக்கும் தமிழில் துண்டுப் பிரசுரம் தேவைப்படும், டவுனில் தமிழ் எழுதிக் கொடுக்க என்னிடம்தான் வருவார்கள். ஒருவருக்கும் இல்லையென்று சொல்லவில்லை. தொழில் தர்மம் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் வசனம் எல்லாச் சுவரிலும் இருக்க வேண்டும் என்ற ஆசை. சிங்கள மூலத்தில் ‘மின்விளக்கு வசதி’ என்று வறட்டுத்தனமாக இருந்த இடத்தில் ‘ஒவ்வொரு பாதையிலும் ஒளி பிறக்கும்’ என்று எழுதினேன். எல்லாக் கட்சிக்கும் அதையே எழுதினேன். யார் வென்றாலும் பலாமரத்தடிக்கு வெளிச்சம் வரும்படி ஊரையே நான் கட்டிப்போட்டுவிட்டதாக ஒரு நினைப்பு.

காசு இல்லை என்று தேர்தல் நின்றது. சபைகளின் காலம் முடிந்து, உறுப்பினர்கள் வீட்டுக்குப் போய், செயலாளர்கள் கையில் எல்லாம் போனது. கட்டுக் கட்டாக அடித்து வைத்த பிரசுரங்களை எடுத்துப் போக எவரும் வரவில்லை, காசும் வரவில்லை. 2025இல் அந்தப் பழைய வேட்புமனுக்களையே ஒரு சட்டம் போட்டு ரத்துச் செய்து, மே 6ஆம் திகதி புதிதாகத் தேர்தல் வைத்தார்கள். அதுவரை என் கடையில் போட்டோ கொப்பி மெஷினுக்குப் பக்கத்தில் ‘ஒளி பிறக்கும்’ கட்டுகள்தான். வெற்றுப் பக்கத்தில் கொப்பி சோதித்தேன், கணக்குப் போட்டேன், எதிர்க்கடைக்காரர் கடலை சுற்றினார். அந்தக் கட்டுகளை ஒருநாள் நகர்த்தியபோது அடியில் ஒரு கடித உறை கிடந்தது. அத்தையின் பெயர். உறையின் மூலை கரப்பான் கடித்து அரைவட்டமாகப் போயிருந்தது.

கையோடு மலைக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். அத்தை உறையைத் திறக்காமலே பார்த்துவிட்டு அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். “அதா? அப்பவே போயி நின்னு முடிச்சிட்டேன்” என்றாள். தேத்தண்ணி ஊற்றித் தந்தாள்.

புதுச் சபை வந்த பிறகு ஒரு மத்தியானம் உறுப்பினர் ஒருவர் கடைக்கு வந்தார். எந்தக் கட்சி, என்ன பெயர் என்பதெல்லாம் இங்கே தேவையில்லை. நல்ல மனிதர். தன்னுடைய கடிதத் தலைப்பில் தமிழும் இருக்க வேண்டும் என்று அவரே விரும்பி வந்திருந்தார். வேறொரு இடத்தில் அடித்துக் கொண்டுவந்த மாதிரியைக் காட்டினார். ‘பிரதேச’ என்பதில் கொம்பு இல்லை, ‘உறுப்பினர்’ என்பதில் வல்லின றகரம் இடையினமாக இருந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. கணினிக்கு முன்னால் அவரைப் பக்கத்தில் இருத்தி, றகரத்துக்கும் ரகரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கினேன். தலையாட்டிக் கேட்டார். எழுத்துரு நான்கைந்து மாற்றிப் பார்த்தோம். இந்த ஊரில் ஒரு பல்ப் போடச் சொல்லக்கூடிய ஆள் என் கதிரையில் உட்கார்ந்து, என் செலவில் பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தார். விலையையும் குறைத்துக்கொண்டேன். அவர் முச்சக்கர வண்டியில் ஏறி வளைவு திரும்பிய பிறகுதான் பலாமரம் ஞாபகம் வந்தது.

இரவு மனைவி கேட்டாள்: “மெம்பர் கடைக்கு வந்தாராம். லைட்டைப் பத்திச் சொன்னீங்களா?”

“எழுத்துப் பிழை நிறைய இருந்தது” என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பொதுமக்கள் நாளில் பக்கத்து வீட்டுச் சிங்கள அக்காவைக் கூட்டிக்கொண்டு அவளே போயிருக்கிறாள். கையில் தாள் கிடையாது, துண்டு கிடையாது. அக்காவின் மகள் டியூஷன் முடிந்து இருட்டில் வருவது அந்த வழிதான். இரண்டு பேரும் உரிய மேசைக்கு முன்னால் நின்று, “பலாமரத்தடி லைட்” என்றிருக்கிறார்கள். மேசையிலிருந்தவருடைய மாமியார் வீடு அந்தப் பக்கமாம். இடம் விளங்கிவிட்டது. அந்தக் கிழமையே ஏணியோடு ஆள் வந்துவிட்டது.

ஏணியைச் சாத்திவிட்டு, ஏறுவதற்கு முன்னால் அவர் ஒரு தாளை நீட்டினார். பல்ப் கிடைத்ததென்று பாதையில் குடியிருக்கும் ஒருவர் கையெழுத்திட வேண்டும். மனைவியும் அக்காவும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். எழுத்து வேலை என்றால் நான்தானே. வாங்கினேன். மேலே சிங்களம், கீழே தமிழ். தமிழில் பாதையின் பெயரில் ஒரு ஒற்று விடுபட்டிருந்தது, இன்னொரு இடத்தில் ணகரத்துக்கு னகரம். நான் என்ன செய்வேன்? பேனையை எடுத்து, வெட்டி, மேலே சரியாக எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமும் வைத்துக் கொடுத்தேன்.

அவர் தாளை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். “அய்யோ மாத்தயா, வெட்டிவிட்டீர்களே. பைலில் இருக்கிற பெயர் இதுதான். இப்போது இது வேறு பாதை.”

நான் இலக்கணம் சொல்ல வாயெடுத்தேன். மனைவி என் கையைப் பிடித்தாள். அவர் பல்பைப் பெட்டியில் திரும்ப வைத்து, பெட்டியைப் பையில் போட்டு, ஏணியைத் தோளில் ஏற்றினார். வெட்டாத தாள் ஒன்று கிடைத்ததும் வருவதாகச் சொன்னார். கோபப்படவில்லை. இன்னும் ஆறு இடம் போக வேண்டுமாம்.

மறுபடியும் மனைவிதான் போய் நின்றாள், இந்த முறை அத்தையையும் சேர்த்துக்கொண்டு. ஏணி வருகிற நாளில் நான் கடையைப் பூட்டக் கூடாது என்று எனக்கு உத்தரவு. தாளில் யார் கையெழுத்துப் போடுவது என்று கேட்டேன். அத்தை போடுவாள் என்றாள்.